வெல் டெஸ்ட் டேட்டாவைக் கம்ப்யூட்டரில் படிக்கப் பழகுவது எப்படி: முதலில் பொய் டேட்டா, அப்புறம் உண்மை டேட்டா

எண்ணெய்க் கிணற்றைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, பிறகு மூடி, அடியில் பிரஷர் மாறுவதை வைத்துப் பாறையைப் படிப்பதுதான் வெல் டெஸ்ட். அதற்கான மென்பொருளைத் திறந்து, பிரஷர் ஃபைலை ஏற்றி, ஒரு மாடலைத் தேர்ந்தெடுத்து, பொருத்தச் சொல்லி ஒரு பொத்தானை அழுத்தினால் கோடு புள்ளிகளின் மேல் அழகாக வந்து உட்கார்ந்துவிடும். பெர்மியபிலிட்டி (பாறை எவ்வளவு எளிதாக எண்ணெயை ஓடவிடும் என்பது), ஸ்கின் (கிணற்றை ஒட்டிய பாறையின் சேதம்), எல்லை தூரம் எல்லாம் தசம புள்ளிக்குப் பின் மூன்று இலக்கத்தோடு கிடைக்கும். புதிதாகக் கற்றுக்கொள்பவருக்கு இதைவிட ஆபத்தான விஷயம் வேறில்லை.

என் கதையைச் சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பில்டப் டேட்டாவை, அதாவது மூடிய கிணற்றில் பிரஷர் ஏறும் டேட்டாவை, மாடலோடு பொருத்தினேன். மூன்று வரைபடத்திலும் கோடு ஒரு மயிரிழைகூட விலகவில்லை. பெருமையாக எடுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். பாறைத் தடிமனைக் கிணற்று லாகில் (கிணற்றுக்குள் பாறையை அளந்த பதிவில்) மீட்டரில் படித்துவிட்டு, அடி என்று கேட்ட கட்டத்தில் அப்படியே போட்டிருந்தேன். 12 மீட்டர், 12 அடி ஆகிவிட்டது. பெர்மியபிலிட்டி 3.28 மடங்கு கூடிப்போனது, ஸ்கின் 0.6 அளவுக்குத்தான் குறைந்தது, அதனால் அதைப் பார்த்தும் சந்தேகம் வரவில்லை. மென்பொருள் ஏன் எச்சரிக்கவில்லை என்று அன்றைக்குக் கோபம் வந்தது. எச்சரிக்க அதற்கு வழியே கிடையாது. டேட்டாவுக்குத் தெரிந்தது பெர்மியபிலிட்டியும் தடிமனும் சேர்ந்த பெருக்கல் தொகை மட்டும்தான். அதைப் பிரிக்கத் தேவையான தடிமன் நீங்கள் கொடுப்பது.

அதனால் நான் யாருக்குச் சொல்லிக்கொடுத்தாலும் ஒரே வழிதான்: விடை தெரிந்த பொய் டேட்டாவை நீங்களே செய்யுங்கள், அதில் ஏமாறிப் பழகுங்கள், உண்மையான கிணற்றை அப்புறம் தொடலாம்.

முதலில் கால்குலேட்டரும் தாளும்

அடிப்படையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கிணறு ஓடும்போது அடியில் பிரஷர் இறங்குவது டிராடவுன், மூடியதும் ஏறுவது பில்டப். பெரும்பாலும் நாம் பில்டப்பைத்தான் நம்புவோம், ஏனென்றால் ஓடுகிற கிணற்றின் ரேட் ஆடிக்கொண்டே இருக்கும், மூடிய கிணற்றின் ரேட் பூஜ்யம் என்று உறுதியாகத் தெரியும். பிரஷர் அலை கிணற்றிலிருந்து வெளியே பரவப் பரவ, ஆரம்ப நேரத்தில் கிணற்றுக் குழாய், நடுவில் பாறை, கடைசியில் எல்லைகள் என்று ஒவ்வொன்றாகத் தன்னைக் காட்டும்.

சரி, ஒரு கிணற்றைக் கற்பனை செய்வோம். ரேட் ஒரு நாளைக்கு 500 பேரல், எண்ணெயின் கன அளவுக் காரணி 1.25, பாகுநிலை 0.8 சென்டிபாய்ஸ். இந்த மூன்றையும் பெருக்கினால் சரியாக 500 வரும்படி வேண்டுமென்றே எடுத்திருக்கிறேன், மனக்கணக்குக்கு வசதி. தடிமன் 40 அடி, போராசிட்டி (பாறையில் துளைகளின் பங்கு) 0.18, மொத்த அமுக்கத்தன்மை ஒரு பிஎஸ்ஐக்கு 0.000012, கிணற்றின் ஆரம் 0.354 அடி. பெர்மியபிலிட்டி 50 மில்லிடார்சி, ஸ்கின் 5. கடைசி இரண்டும்தான் நாம் கண்டுபிடிக்க வேண்டிய விடை, ஆனால் நமக்கு முன்பே தெரியும்.

நேரத்தை மட்டும் லாக் அளவில் வைத்து வரைந்தால் வரும் செமி-லாக் கோட்டின் சரிவு = 162.6 × 500 ÷ (50 × 40). அதாவது ஒரு லாக் சுற்றுக்கு 40.65 பிஎஸ்ஐ. நேரத்தின் இயல் மடக்கையைப் பொறுத்துப் பிரஷர் எவ்வளவு வேகமாக மாறுகிறது என்று காட்டும் டெரிவேட்டிவ் வரைபடத்தில் அதே விஷயம் 17.65 பிஎஸ்ஐ உயரத்தில் ஒரு தட்டைக் கோடாகத் தெரியும், 162.6க்குப் பதில் 70.6 போட்டால் வரும் எண் அது. ஸ்கின் 5 என்பதால் கிணற்றை ஒட்டிய சேதத்தில் மட்டும் வீணாகும் பிரஷர் 141.2 × 500 ÷ 2000 × 5, கிட்டத்தட்ட 176 பிஎஸ்ஐ. இந்தக் கிணறு 24 மணி நேரம் ஓடியதும் மொத்தச் சரிவு 441 பிஎஸ்ஐ வரும். அதில் 176, அதாவது ஐந்தில் இரண்டு பங்கு, கிணற்று வாசலிலேயே தொலைகிறது. அந்தச் சேதத்தைச் சரிசெய்ய ஆசிட் அடிக்கலாமா என்ற கேள்விக்கு மேலாளர் எதிர்பார்ப்பது இந்த மாதிரி ஒரு வாக்கியத்தைத்தான், "ஸ்கின் ஐந்து" என்பதை அல்ல.

இப்போது தலைகீழாக வாருங்கள். சரிவு 40.65, செமி-லாக் கோட்டில் 1 மணி நேரத்தில் படித்த பிரஷருக்கும் மூடும் கணத்துப் பிரஷருக்கும் வித்தியாசம் 385 பிஎஸ்ஐ. 385 ÷ 40.65 = 9.47. பெர்மியபிலிட்டியைப் போராசிட்டி, பாகுநிலை, அமுக்கத்தன்மை, ஆரத்தின் வர்க்கம் ஆகியவற்றின் பெருக்கல் தொகையால் வகுத்து லாக் எடுத்தால் 8.36. 9.47இலிருந்து 8.36ஐக் கழித்து, 3.23ஐக் கூட்டி, 1.151ஆல் பெருக்கினால் 5 வருகிறது. இங்கே எல்லோரும் ஒரு தடவையாவது விழும் குழி ஒன்று இருக்கிறது. அந்த 1 மணி நேரப் பிரஷரைக் கோட்டிலிருந்து படிக்க வேண்டும், டேட்டா புள்ளியிலிருந்து அல்ல. குழாயின் கொள்ளளவு, அதாவது வெல்போர் ஸ்டோரேஜ், ஒரு பிஎஸ்ஐக்கு 0.01 பேரல் என்று வைத்துக்கொண்டால் அதன் தாக்கம் ஓய இந்தக் கிணற்றில் ஏறக்குறைய 1.4 மணி நேரம் ஆகும். 1 மணி நேரப் புள்ளி இன்னும் ஸ்டோரேஜின் பிடியில்தான் இருக்கும்.

இதைத் தாளில் மூன்று தடவை போடுங்கள். ஹார்னர் 1951இல் வெளியிட்ட முறையையும் அதோடு சேர்த்துப் பழகிவிடுங்கள், மூடுவதற்கு முன் கிணறு ஓடிய நேரத்தைக் கணக்கில் எடுப்பது எப்படி என்று அதில்தான் முதலில் புரியும்.

மாடலை நீங்களே எழுதுங்கள்

பைத்தான் போதும். நம்பை, சைபை, மேட்பிளாட்லிப், இந்த மூன்று பைத்தான் நூலகங்களும் இலவசம். அதுவும் பயமாக இருந்தால் ஸ்டோரேஜ் இல்லாத எளிய மாடலை ஸ்ப்ரெட்ஷீட்டிலேயே செய்யலாம். மேலே போட்ட கணக்கை நேரத்துக்கு நேரம் இழுத்துவிட்டால் முடிந்தது.

ஸ்டோரேஜும் ஸ்கின்னும் சேர்ந்த மாடலுக்கு லாப்லாஸ் தளத்தில் அழகான ஒரு விடை உண்டு, இரண்டு பெசல் சார்புகள்தான் வரும், சைபையில் தயாராக இருக்கின்றன. அதை நேரத் தளத்துக்குத் திருப்பக் கொண்டுவர ஸ்டெஃபெஸ்ட் 1970இல் கொடுத்த வழி பத்துப் பதினைந்து வரியில் அடங்கும். எத்தனை உறுப்பு எடுப்பது என்று கேட்பார்கள். 8 முதல் 12 வரை, இரட்டைப்படையாக. நிறைய எடுத்தால் துல்லியம் கூடும் என்று நினைத்து 18, 20 என்று போனால் எண்கள் வெடித்துவிடும், ஏனென்றால் அதன் எடைகள் பிரம்மாண்டமானவை, குறிகள் மாறிமாறி வருபவை. எழுதிய நிரல் சரியா என்று பார்க்க லாப்லாஸில் 1/ச கொடுத்துப் பாருங்கள் (ச என்பது லாப்லாஸ் மாறி), எந்த நேரத்திலும் 1 வர வேண்டும். 1/ச² கொடுத்தால் நேரமே திரும்பி வர வேண்டும். இந்தச் சோதனையைத் தாண்டாமல் அடுத்த அடி வைக்காதீர்கள்.

நெகட்டிவ் ஸ்கின் போட்டால் விடை தாறுமாறாக ஆடும். அப்போது ஸ்கின்னைப் பூஜ்யமாக்கிவிட்டு, கிணற்றின் ஆரத்தையே அதற்கேற்ப அடுக்குக்குறியில் பெரிதாக்கிக்கொள்வது வழக்கம். நம் கிணற்றுக்குப் பரிமாணமற்ற ஸ்டோரேஜ் எண் 825 வர வேண்டும். உங்களுக்கு 825 வரவில்லை என்றால் யூனிட் மாற்றத்தில் எங்கோ சறுக்கியிருக்கிறீர்கள்.

டெரிவேட்டிவ்

1979இல் கிரிங்கார்டனும் அவரோடு இருந்தவர்களும் டைப் கர்வ்களை (ஒப்பிட்டுப் பார்க்க முன்பே வரைந்து வைத்த மாதிரி வளைகோடுகளை) ஒழுங்குபடுத்தினார்கள். 1983இல் பூர்டே குழுவினர் டெரிவேட்டிவைக் கொண்டுவந்தார்கள். அதற்கு முன் லாக்-லாக் தாளை டைப் கர்வின் மேல் வைத்து நகர்த்தி நகர்த்திப் பொருத்திக்கொண்டிருந்தார்கள், பல கர்வ்கள் ஒன்றுபோலவே தெரியும், எது சரி என்று சத்தியம் பண்ணித்தான் சொல்ல வேண்டும். டெரிவேட்டிவ் வந்ததும் வித்தியாசங்கள் கண்ணுக்குத் தெரிந்தன. இன்றைக்குச் சஃபிர், பான்சிஸ்டம் என்று எந்த மென்பொருளைத் திறந்தாலும் முதலில் வருவது அந்தப் படம்தான்.

அதை நீங்களே எழுதுவது சுலபம். ஒவ்வொரு புள்ளிக்கும் இடப்பக்கத்தில் ஒன்று, வலப்பக்கத்தில் ஒன்று எடுத்து, நேரத்தின் இயல் மடக்கையை வைத்து இரண்டு சரிவுகளைக் கணக்கிடுங்கள். இடப்பக்கச் சரிவை வலப்பக்கத் தூரத்தாலும், வலப்பக்கச் சரிவை இடப்பக்கத் தூரத்தாலும் பெருக்கிக் கூட்டி, மொத்தத் தூரத்தால் வகுங்கள். அந்த இடப்பக்க, வலப்பக்கப் புள்ளிகள் எவ்வளவு தள்ளி இருக்க வேண்டும் என்பதுதான் ஸ்மூத்திங். 0.1 முதல் 0.3 லாக் சுற்று வரை வைக்கலாம். அதற்கு மேல் போனால் நீங்கள் பார்ப்பது ரிசர்வாயரை (எண்ணெய் தேங்கிய பாறையை) அல்ல, உங்கள் ஸ்மூத்திங்கை. டேட்டாவின் கடைசி முனையில் வலப்பக்கப் புள்ளியே இருக்காது, அதனால் 0.2 வைத்தால் கடைசி 0.2 சுற்றில் தெரியும் வளைவை நம்பக் கூடாது. அந்த முனையில் டெரிவேட்டிவ் லேசாகத் தலைதூக்கியதைப் பார்த்து "எல்லை தெரிகிறது" என்று அறிக்கை எழுதியவர்கள் எத்தனையோ பேர்.

இப்போதுதான் விளையாட்டு. உங்கள் மாடல் கொடுத்த சுத்தமான டேட்டாவில் 0.2 பிஎஸ்ஐ அளவுக்கு ரேண்டம் இரைச்சலைச் சேருங்கள். பிரஷர் வரைபடத்தில் ஒன்றுமே தெரியாது. டெரிவேட்டிவில் கடைசிப் பகுதி கொசுக்கூட்டம் மாதிரி சிதறும். காரணம் எளிது: நம் கிணற்றில் 20 முதல் 24 மணி வரை, முழுதாக நாலு மணி நேரத்தில், பிரஷர் மாறுவது சுமார் 3.2 பிஎஸ்ஐ. பெர்மியபிலிட்டியை 1000 மில்லிடார்சி ஆக்கிவிட்டு மறுபடி போடுங்கள், அதே நாலு மணி நேரத்தில் 0.16 பிஎஸ்ஐதான். 0.01 பிஎஸ்ஐ வரை பிரித்துக் காட்டும் குவார்ட்ஸ் கேஜை ஏன் கேட்கிறார்கள் என்று அப்போது புரியும். அப்புறம் அதே 1000 மில்லிடார்சியில் இரைச்சலுக்குப் பதில் கேஜ் மெல்ல நழுவுவதாக, மணிக்கு 0.02 பிஎஸ்ஐ என்று ஒரு நேர்கோட்டைக் கூட்டிப் பாருங்கள். கடைசியில் டெரிவேட்டிவ் நிமிர்ந்து ஒரு எல்லை மாதிரியே நடிக்கும்.

வடிவங்கள்

எல்லாப் புத்தகத்திலும் இருக்கும் விஷயம், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஆரம்பத்தில் பிரஷரும் டெரிவேட்டிவும் ஒன்றாக ஒட்டிக்கொண்டு சரிவு 1இல் ஏறினால் ஸ்டோரேஜ். பிறகு ஒரு திமில், திமில் உயரமாக இருந்தால் ஸ்கின் அதிகம். அப்புறம் தட்டையானால் ரேடியல் ஓட்டம், பெர்மியபிலிட்டி அங்கேதான் இருக்கிறது. ஆரம்பத்திலேயே இரண்டும் அரைச் சரிவில், ஒன்று மற்றொன்றின் இரு மடங்காக இணையாகப் போனால் நல்ல கடத்துதிறன் உள்ள ஃப்ராக்சர் (கிணற்றை ஒட்டிய வெடிப்பு). நடுவில் பள்ளம் விழுந்தால் இரட்டைப் போராசிட்டியாக (வெடிப்புகளும் பாறையும் தனித்தனியாக எண்ணெய் தருவதாக) இருக்கலாம். மைனஸ் அரைச் சரிவு என்றால் கோள ஓட்டம், கிணறு பாறையின் ஒரு பகுதியில் மட்டும் துளையிடப்பட்டிருக்கலாம். கடைசியில் அரைச் சரிவில் ஏறினால் இரு பக்கமும் அடைத்த கால்வாய் மாதிரி ரிசர்வாயர். கடைசியில் விழுந்தால் பிரஷரை மாறாமல் வைத்திருக்கும் எல்லை. ஆனால் நாலு பக்கமும் மூடிய ரிசர்வாயரின் பில்டப்பிலும் டெரிவேட்டிவ் விழத்தான் செய்யும், டிராடவுனில் அதே ரிசர்வாயர் சரிவு 1இல் ஏறும். இரண்டையும் குழப்பிக்கொண்டு தண்ணீர் ஆதரவு இருக்கிறது என்று சொல்லிவிடுவது புதியவர்கள் செய்யும் தவறு மட்டுமல்ல.

அடைத்த ஃபால்ட் (ஓட்டத்தை மறிக்கும் பாறைப் பிளவு) ஒன்று இருந்தால் டெரிவேட்டிவ் இரண்டு மடங்கு உயரத்தில் இரண்டாவது தட்டைக்குப் போகும். இதை மட்டும் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். நம் கிணற்றிலிருந்து 300 அடி தூரத்தில் ஃபால்ட் வையுங்கள். ஒரே ரேட்டில் ஓடும் கிணற்றுக்கு டெரிவேட்டிவ் முதல் தட்டையைப் போல எத்தனை மடங்கு என்று கணக்கிடச் சின்னச் சூத்திரம் போதும்: 11.8ஐ மணி நேரத்தால் வகுத்து, அதற்கு மைனஸ் குறி போட்டு இயல் அடுக்கு எடுத்து, 1ஐக் கூட்டுங்கள். 5 மணியில் 1.09 மடங்கு. 24 மணியில் 1.6. 100 மணி ஆனால்கூட 1.9தான். ஆக, "இரண்டு மடங்கு ஆனால் ஃபால்ட்" என்று மனப்பாடம் செய்தவர் 24 மணி நேர டேட்டாவில் அந்த இரண்டு மடங்கைப் பார்க்கவே மாட்டார். ஏறிக்கொண்டிருக்கும் ஒரு சாய்வைத்தான் பார்ப்பார், அதைக் கால்வாய் என்றும் சொல்லலாம், கிணற்றிலிருந்து தள்ளிப் போனால் தரம் குறைந்த பாறை என்றும் சொல்லலாம், மூன்று மாடலும் ஒட்டும். உங்கள் பொய் டேட்டாவில் 24 மணி வரை வெட்டி எடுத்து மூன்றையும் பொருத்திப் பாருங்கள், கண்ணால் பார்த்தால்தான் நம்பிக்கை வரும்.

இன்னும் ஒன்று, ஸ்டோரேஜ் பெரிதாகி முதல் தட்டையை விழுங்கிவிட்டால் இரண்டாவது தட்டையை முதல் தட்டை என்று எடுத்துக்கொள்வீர்கள். 17.65க்குப் பதில் 35.3. பெர்மியபிலிட்டி 50க்குப் பதில் 25. கோடு அப்போதும் ஒட்டும்.

உண்மை டேட்டாவைத் தொடும்போது

ஒரு மாதம் இப்படி விளையாடிய பிறகு நிஜ ஃபைலைத் திறங்கள். மாடல் பக்கம் போகாதீர்கள். முதல் நாள் முழுக்க டேட்டாவைப் பார்ப்பதிலேயே போகட்டும்.

கிணற்றை மூடிய கணம் எது? கேஜின் கடிகாரமும் மேலே ரேட் குறித்தவரின் கடிகாரமும் ஒத்துப்போவது அபூர்வம். பிரஷர் வரைபடத்தை நன்றாகப் பெரிதாக்கி, பிரஷர் திரும்பும் புள்ளியை நீங்களே பிடியுங்கள். நேரத்தை உண்மையைவிட முன்னதாகக் குறித்தால் ஆரம்பக் கோடு சரிவு 1ஐவிடச் செங்குத்தாக நிற்கும். அதைப் பார்த்து எந்த இயற்பியலையும் தேட வேண்டாம், கடிகாரத்தைத் திருத்துங்கள். மூடும் கணத்துப் பிரஷரைத் தவறாக எடுத்தால் டெரிவேட்டிவ் அசையாது, பிரஷர் கோடு மட்டும் நகரும், ஸ்கின் தப்பாகும். எது எதைக் கெடுக்கும் என்ற இந்த வித்தியாசத்தை உங்கள் பொய் டேட்டாவில் இரண்டு நிமிடம் நகர்த்திப் பார்த்தே கற்றுக்கொள்ளலாம்.

ரேட் வரலாற்றைச் சோம்பலில் ஒரே சராசரியாகச் சுருக்காதீர்கள். மூடுவதற்குச் சற்று முன் நடந்த மாற்றங்கள் பில்டப்பின் கடைசிப் பகுதியை வளைத்து இல்லாத எல்லையை உண்டாக்கும். மாதக்கணக்கில் முந்தையதைத் தாராளமாகச் சுருக்கலாம், கடைசி நாட்களை உள்ளது உள்ளபடி வையுங்கள்.

மூடிய குழாயில் வாயு மேலேயும் எண்ணெய் கீழேயும் பிரிந்தால் பிரஷர் ஒரு திமில் போட்டு இறங்கும். பாறைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, அந்தப் பகுதியை விட்டுவிடுங்கள். கடலில் இருக்கும் கிணற்றில் கடைசி டெரிவேட்டிவ் அலையலையாக ஆடினால் அலையின் நீளத்தை அளந்து பாருங்கள், 12.4 மணி நேரம் வந்தால் அது கடல் ஏற்ற இறக்கம்.

இப்போது மாடல். முதலில் கையால் படித்த பெர்மியபிலிட்டி, ஸ்கின், ஸ்டோரேஜ் மூன்றையும் ஆரம்ப மதிப்பாகப் போடுங்கள். ரெக்ரெஷன், அதாவது மென்பொருள் தானாகச் செய்யும் பொருத்தம், கண்மூடித்தனமானது, பக்கத்தில் இருக்கும் பள்ளத்தில் விழுந்து அதுதான் அடிவாரம் என்று நினைத்துக்கொள்ளும். எட்டு எண்களை ஒரே நேரத்தில் தேட விடாதீர்கள், இரண்டு மூன்றாக விடுங்கள். நம்பிக்கை வரம்பைப் படியுங்கள், ஃபால்ட் தூரம் 300 கூட்டல் குறைத்தல் 400 அடி என்று வந்தால் அந்த மாடலுக்கு ஃபால்ட் தேவையே இல்லை என்று அர்த்தம். லாக்-லாக், செமி-லாக், முழு வரலாறு மூன்றிலும் ஒட்ட வேண்டும். லாக்-லாகில் அருமையாக ஒட்டி முழு வரலாற்றில் 50 பிஎஸ்ஐ விலகுவது அடிக்கடி நடக்கும், அதைப் பார்க்காமல் விடுபவர்கள்தான் அதிகம். அப்புறம் ஜியாலஜிஸ்ட்டிடம் போய் மேப்பைக் கேளுங்கள். மூன்று மாடல் ஒட்டும்போது தீர்ப்பு அவர் கையில்.

வாயுக் கிணறு என்றால் பிரஷருக்குப் பதில் சூடோ-பிரஷர் (வாயுவின் தன்மை பிரஷரோடு மாறுவதைக் கணக்கில் எடுத்து மாற்றிய பிரஷர்), 1966இல் அல்-ஹுசைனி, ரேமி, கிராஃபோர்ட் கொடுத்தது. கூடவே ரேட் ஏற ஏற ஏறும் ஒரு ஸ்கின்னும் வரும், அதனால் ஒரே ரேட்டில் சோதித்தால் உண்மையான சேதம் எவ்வளவு என்று பிரிக்க முடியாது, பல ரேட் வேண்டும். எண்ணெயில் கை பழகிய பிறகு இதற்கு வாருங்கள்.

இதெல்லாம் கைவந்ததும் இந்தக் கருவியை டெஸ்டுக்கு முன்பே பயன்படுத்தத் தொடங்குங்கள். எவ்வளவு நேரம் மூடி வைக்க வேண்டும் என்று யாராவது கேட்பார்கள், எப்போதும் உற்பத்தி நஷ்டத்தைக் காட்டிக் குறைக்கச் சொல்வார்கள். நம் கிணற்றில் 24 மணி நேரத்தில் அலை சுமார் 856 அடி வரை போகும். இரண்டு மடங்கு தூரம் வேண்டுமென்றால் நாலு மடங்கு நேரம், 96 மணி. 300 அடியில் ஃபால்ட் இருக்கிறதா என்பதுதான் கேள்வி என்றால், அந்த ஃபால்ட்டை வைத்து ஒரு பொய் பில்டப், வைக்காமல் ஒன்று, இரண்டிலும் அந்தக் கேஜின் இரைச்சலைச் சேர்த்து ஒரே படத்தில் போடுங்கள். இரண்டு கோடும் சந்தேகமில்லாமல் பிரியும் நேரத்தைப் படத்தில் ஒரு செங்குத்துக் கோடாக வரைந்து கூட்டத்துக்கு எடுத்துக்கொண்டு போங்கள்.